சுவரினுள் மறைந்த கம்பி: வீட்டு மின்னிணைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொல்பொருளாராய்ச்சியாளன் மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து சென்று, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு காலத்தின் வாழ்க்கை முறையைக் காண்கின்றான். பழைய வீடொன்றைத் திருத்தியமைப்பதற்காக அதன் சுவரை உடைப்பவனுக்கும் அத்தகைய வாய்ப்பு ஓரளவு கிட்டுகின்றது. ஆயினும் இருவருக்கும் இடையே முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. மண்ணில் அகழ்ந்தெடுக்கப்படும் பானையோடு எவரையும் கொல்வதில்லை. சுவரினுள் அகப்படும் கம்பியோ, அதனைப் பதித்தவர் மறைந்து நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரும் மின்னோட்டத்தைத் தாங்கியிருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கண்டியில் எனது தாய்மாமனாரின் வீட்டுக் குசினியைப் பெருப்பிக்கும் வேலை நடைபெற்றது. 1930களிலே கட்டப்பட்ட வீடு அது. பின்னர் உடன்பிறந்தோர் இருவருக்கிடையே பங்கிடப்பட்டு, நடுவே ஒரு சுவர் எழுப்பப்பட்டு, இரு வீடுகளாயிற்று. வேலைக்கு வந்த மேசன் அனுபவசாலி. உளியை எடுக்கும் முன்னர், “மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் போட்டியளோ, ஐயா?” என்று கேட்டார். நிறுத்திவிட்டதாக மாமா கூறினார், உண்மையிலேயே நிறுத்தியிருந்தார். அவ்வாறிருந்தும் உளி மூன்றாம் அடியிலே ஒரு கம்பியைத் தொட்டது, நீலப்பொறி பறந்தது. மேசன் இறப்பர்ச் செருப்பு அணிந்து உலர்ந்த பலகையொன்றின்மேல் நின்றமையால் தூக்கி எறியப்பட்டதோடு தப்பினார். அக்கம்பிக்கு மின்சாரம் மாமாவின் மானியிலிருந்து வரவில்லை; பங்கிடப்பட்ட மறுபாதி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. வீட்டைப் பிரித்தவர்கள் சுவரைப் பிரித்தார்கள். கம்பியைப் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

அன்று உடைக்கப்பட்ட நான்கடிச் சுவரிலே வெவ்வேறு காலத்துக்குரிய நான்கு வகை மின்னிணைப்புக்கள் வெளிப்பட்டன. அவை ஒவ்வொன்றும் தத்தம் காலத்திலே பாதுகாப்பானதெனக் கருதப்பட்டு இடப்பட்டனவே. அவ்வாறாயின் ஆபத்து எங்கிருந்து வந்தது? பழையது தீயது, புதியது நல்லது என்று இவ்வினாவுக்கு விடை கூறுவது எளிது. ஆனால் அவ்விடை போதாது. கம்பி முதுமையடைவது இயல்பு. அதனை மறைத்துவைத்து, எங்கே மறைத்தோம் என்பதை எழுதி வையாமையே ஆபத்தின் வேர் என்பது எனது கருத்து. இதனை விளக்குவதற்கு வீட்டு மின்னிணைப்பின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

மின்னொளி முதன்முதலிற் புகுந்தது செல்வர்களின் மாளிகைகளிலேயாம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கிராக்சைட் என்னும் மாளிகையில், அதன் உரிமையாளரான வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் 1878ஆம் ஆண்டிலே நீர்வலுவினாற் பிறப்பித்த மின்சாரத்தைக் கொண்டு தமது ஓவியக்கூடத்தில் வில்விளக்கை எரித்தார். 1880இல் ஜோசப் சுவானின் மின்குமிழ்கள் அங்கு பொருத்தப்பட்டன. நூலகத்திலிருந்த விளக்குகள் எனாமல் பூசப்பட்ட செப்புச் சாடிகளின்மேல் அமைக்கப்பட்டிருந்தன. மின்னோட்டம் சாடியினுள்ளே சென்ற காவலிட்ட கம்பி வழியாக விளக்கை அடைந்து, சாடியின் செப்புடல் வழியாகவே திரும்பியது. சாடியின் அடியில் இரசம் நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்று இணைப்பாகத் தொழிற்பட்டது. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். ஆளி என்றொரு தனிக்கருவி அதற்குத் தேவைப்படவில்லை. இன்றைய மின்னியலாளர் ஒருவர் இதனைக் கண்டால் திகைத்துப்போவார். அன்று வந்த விருந்தினர் வியந்து பாராட்டினர்.

ஆயினும் வியப்பு எங்கும் நிலைக்கவில்லை. பின்னாளில் பிரித்தானியப் பிரதமராக விளங்கிய சோல்ஸ்பரிப் பிரபுவின் ஹற்பீல்ட் மாளிகையிலே நீண்டகூடத்தின் மேற்றளத்தில் ஓடிய கம்பிகள் ஒருநாள் தீப்பற்றின. கீழேயிருந்த குடும்பத்தினர் மெத்தையணைகளை மேலே எறிந்து தீயை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உரையாடலைத் தொடர்ந்தனர் என்று கூறப்படுகின்றது. இச்செய்தி நகைச்சுவையாகவே வழங்கி வருகின்றது. அதே மாளிகைத் தோட்டத்திலே 1881 டிசெம்பரில் இருபத்திரண்டு வயதுத் தொழிலாளி ஒருவர் கம்பியைத் தொட்டு உயிரிழந்தமை அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. பிரித்தானியாவில் மின்சாரத்தால் இறந்த முதல்வருள் ஒருவராக அவர் கருதப்படுகின்றார். மெத்தையணைக்குக் கிடைத்த புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

நியூயோர்க்கில் நிகழ்ந்தது எமது பொருளுக்கு மேலும் நெருக்கமானது. கோடீசுவரரான வில்லியம் வண்டர்பில்ற்றின் மாளிகைக்கு 1880களின் தொடக்கத்தில் எடிசனின் குழுவினர் மின்னிணைப்பு வழங்கினர். ஓவியக்கூடத்தின் சுவர் விரிப்பிலே மெல்லிய உலோக இழைகள் அழகுக்காக நெய்யப்பட்டிருந்தன. மறைந்து சென்ற கம்பிகள் இரண்டு அவ்விழைகளைத் தொட, இழைகள் செஞ்சூடாகிச் சுவர் புகையத் தொடங்கியது. மின்சாரம் உடனே நிறுத்தப்பட்டமையாற் பெருந்தீ மூளவில்லை. வீட்டுத் தலைவியோ நிலவறையிலே கொதிகலன் ஒன்று இருப்பதை அப்போதுதான் அறிந்து, கொதிகலன்மேல் வாழ மாட்டேன் என மறுத்துவிட்டார். இணைப்பு முழுவதும் அகற்றப்பட்டது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் எடிசனே நினைவுகூர்ந்துள்ளார். 1882இல் மின்னொளி பெற்ற வங்கியாளர் ஜே. பி. மோர்கனின் இல்லத்தில் நூலக மேசைக்குச் சென்ற கம்பியாலே தீ மூண்டு மேசையும் விரிப்பும் கருகின. மோர்கன் மின்சாரத்தைக் கைவிடவில்லை. கம்பியைத் திருத்தச் செய்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. கம்பி மறைக்கப்பட்டது பாதுகாப்பு நோக்கி அன்று, அழகு நோக்கியே. செல்வந்தரின் கூடத்திலே கம்பி தொங்குவது அழகுக்குக் குறைவெனக் கருதப்பட்டது. எனவே விரிப்பின் கீழும் சுவர்த்துணியின் பின்னும் அது ஒளித்துவைக்கப்பட்டது. பிற்காலத்தில் நடுத்தர மக்களும் அவ்வழக்கத்தைத் தமதாக்கிக் கொண்டனர்.

தீயைக் கண்டு முதலில் விழித்துக்கொண்டோர் காப்புறுதிக் கம்பனியினரே. 1882ஆம் ஆண்டிலே இலண்டனில் ஒரு தீக்காப்புறுதி நிறுவனம் மின்னிணைப்புக்கான விதிகளை வகுத்தது. அதே ஆண்டில் தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கமும் மின்னொளியால் விளையும் தீயபாயத்தைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. ஒரு நூலென்று கூற முடியாத அளவுக்குச் சில பக்கங்களே அதற்கிருந்தன. இன்று பிரித்தானியாவில் வழங்குவதும், எமது நாட்டிலும் பின்பற்றப்படுவதுமான பெருந்தொகுதி அச்சிறு ஏட்டின் வழிவந்ததேயாம். அவ்விதிகளின் தலைப்பிலே தீயைப் பற்றிய குறிப்பு இருந்தது. மனித உயிரைப் பற்றிய குறிப்பு இருக்கவில்லை. சட்டமும் ஒழுங்கும் எவருடைய நட்டத்தை முன்னிட்டுப் பிறக்கின்றன என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும். எனினும் ஆபத்து முதன்மையாக இணைப்பு வேலை செய்வோரின் அறியாமையாலும் அனுபவக்குறைவாலும் வருகின்றது என அவ்வேடு கூறியமை குறிப்பிடத்தக்கது.

அக்காலத்து இணைப்பு முறைகளுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. பிரித்தானியாவிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் மரத்தாலான உறை முறை வழங்கியது. பலகையிலே இரண்டு தவாளிப்புக்கள் செதுக்கப்பட்டு, ஒன்றிற் செல்லும் கம்பியும் மற்றதில் மீளும் கம்பியும் இடப்பட்டு, மேலே மரமூடி ஆணியால் அறையப்படும். பார்ப்பதற்கு அது சுவரலங்காரம் போலத் தோன்றும். அதன் குறைபாடு ஈரமாகும். மாரிகாலத்தில் மரம் நீரை உறிஞ்சினால் இரு கம்பிகளுக்கும் இடையே மெல்லிய கசிவோட்டம் தொடங்கும். மரம் மெதுவாகக் கருகும். அலங்காரம் என்று எண்ணி அதன்மேல் சாமிபடத்துக்கு ஆணி அடிப்போரும் உளர். அமெரிக்காவில் வழங்கியது பீங்கான் குமிழ்களையும் பீங்கான் குழாய்களையும் கொண்ட முறையாகும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று நெருங்காது, சுவரின் உட்குழிவிலே குமிழ்களின்மேல் தனித்தனியே ஓடும். மரச்சட்டத்தைத் துளைத்துச் செல்லுமிடத்துப் பீங்கான் குழாயினூடாகச் செல்லும். இணைப்புக்கள் முறுக்கப்பட்டு, ஈயப்பற்றாசிட்டு, நாடா சுற்றப்பட்டன. சுற்றியிருக்கும் காற்றே அக்கம்பியைக் குளிர்வித்தது.

இரண்டாவது முறையை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது. நன்கு பொருத்தப்பட்டு எவராலும் தொடப்படாதிருந்த பீங்கான் குமிழ் இணைப்புக்கள் பல பத்தாண்டுகள் பழுதின்றி இயங்கியுள்ளன. கேடு விளைந்தது பெரும்பாலும் பிற்காலத் திருத்தங்களினாலேயாம். குளிரைத் தடுப்பதற்காக வீட்டுக்காரர் சுவரின் உட்குழிவிலே பஞ்சு போன்ற வெப்பக்காவலிப் பொருளை நிரப்பினர். கம்பியைக் குளிர்வித்த காற்று இல்லாதொழிந்தது. சுவரை மேம்படுத்துவதாக எண்ணிச் செய்த செயல், உள்ளே இருந்ததை அறியாமையால் அதனை அடுப்பாக்கியது.

எமது நாட்டோடு மிக நெருங்கிய தொடர்புடையது கம்பியைப் போர்த்த பொருளின் வரலாறாகும். செப்புக்கம்பி தானாக ஆபத்தானதன்று. அதன் போர்வை கிழிந்தாலே ஆபத்து. தொடக்கத்தில் பருத்தித்துணியும் கட்டாப்பேச்சாவும் பயன்பட்டன. பின்னர் கந்தகம் சேர்த்து வன்மையாக்கப்பட்ட இறப்பர் அவ்விடத்தைப் பிடித்து, ஏறத்தாழ 1950கள் வரை உலகின் பல பாகங்களிலும் வீட்டுக்கம்பிகளின் போர்வையாக விளங்கியது. 1876ஆம் ஆண்டிலே பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வித்துக்களிலிருந்து முளைத்த 1,919 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டமை எம்மவர் அறிந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை முதலிய மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் விடியற்காலையில் அம்மரங்களைச் சீவிப் பால் எடுத்தனர். அப்பால் தகடாகிக் கப்பலேறிச் சென்றது. மின்கம்பிகள் கப்பலேறி வந்தன. கொழும்புச் சீமான்களின் வீட்டுச் சுவரினுள் இருந்த போர்வை எம்மவர் சீவிய மரத்துப் பாலாயிருக்கவும் கூடும். அதனைச் சீவியவரின் லயன் அறைகளிலோ அக்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இறப்பருக்கு ஓர் உட்பகை உண்டு. அதனை வன்மையாக்கிய கந்தகமே செப்பை அரிக்கும். ஆதலாற் செப்புக்கம்பிக்கு முதலில் வெள்ளீயம் பூசி, அதன்மேல் இறப்பரை இட்டனர். பழைய கம்பியை உரித்துப் பார்க்கும்போது செந்நிறத்துக்குப் பதிலாக வெண்ணிறம் தோன்றுவதன் காரணம் இதுவே. அதைக் கண்டு ஈயக்கம்பி என்றோ அலுமினியக் கம்பியென்றோ மயங்குவோர் உண்டு. இறப்பர் வெப்பத்தினாலும் காற்றிலுள்ள ஒட்சிசனாலும் காலப்போக்கில் நெகிழ்வை இழந்து, வெயிலில் உலர்ந்த சேறுபோல வெடிக்கும். மின்குமிழின் சூடு படுமிடத்தும் ஆளிப்பெட்டியினுள்ளும் அது முதலிற் கெடும். ஆனாற் கெட்ட போர்வையும் அசையாதவரை தன் வடிவத்தைக் காத்து நிற்கும். ஆளியொன்றை மாற்றுவதற்காக எவரேனும் கம்பியை இழுத்து வளைக்கும்போதே அது உதிர்ந்து செப்பு வெளிப்படும். ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, கை வைத்த பின்னரே கெட்டது’ என்று வீட்டுக்காரர் மின்னியலாளரைக் குறைகூறுவதற்கு இவ்வியல்பே காரணமாகும். அவர் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததை வெளிப்படுத்தினார்.

இலங்கையிலே மின்சாரம் பரவிய வரலாற்றை இங்கு சுருக்கமாகக் கூறுதல் போதும். 1895ஆம் ஆண்டளவில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் மின்னொளி வணிக அடிப்படையில் வழங்கப்பட்டது. நீர்வலுவைப் பயன்படுத்துவது பற்றி டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் தமது ஆய்வுரையை முன்வைத்தார். லக்சபானாவின் முதற்கட்டம் 1950இலேயே நிறைவேறியது. இலங்கை மின்சார சபை 1969இல் அமைக்கப்பட்டது. எனவே கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் பழைய வீடுகளில் மர உறையும் இறப்பர்க் கம்பியும் காணப்பட, ஏனைய ஊர்களிற் பெரும்பாலும் பிளாத்திக்குக் கம்பியிலிருந்தே இணைப்பு வரலாறு தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்து நிலைமை வேறு. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டு வீடுகள் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தன. மீண்டும் மின்சாரம் வந்தபோது, கூரை ஒழுகிய வீடுகளில் மழைநீர் இறங்கிய குழாய்களும், எலி கொறித்த கம்பிகளும், பாதி பிடுங்கப்பட்ட இணைப்புக்களும் வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் இருந்தன. வெள்ளையடிப்பு முதலில் முடிந்துவிடும். கம்பியைப் பார்ப்பதற்குப் பணம் மிஞ்சுவதில்லை.

கம்பியின் முதுமையோடு அதன் சுமையும் சேர்த்து நோக்கப்படல் வேண்டும். முன்னைய வீட்டுச் சுற்றுக்கள் விளக்குக்காகவே இடப்பட்டன. 60 உவாற்று மின்குமிழ் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ கால் அம்பியரையே எடுக்கும். அதே கம்பியிலே 1,000 உவாற்று மின்னழுத்தியைத் தொடுத்தால் ஓட்டம் ஏறத்தாழ 17 மடங்காகின்றது. கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் அது ஏறத்தாழ 280 மடங்காகின்றது. உருகி எரிந்துபோகும், அஃது அதன் கடமை. எமது வீடுகளில் அதன்பின் நடப்பதை எவரும் அறிவர். எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக்கம்பி ஒன்று சுற்றப்படும். இனி உருகி எரியாது. எரிவதற்கு எஞ்சியிருப்பது சுவரினுள் இருக்கும் கம்பியே.

உருகியைப் பற்றிக் கூறுமிடத்துப் பழைய வீடுகளிற் காணப்படும் ஒரு வழக்கத்தையும் குறிப்பிடல் தகும். முற்காலத்தில் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி ஆகிய இரண்டிலுமே உருகி வைத்தனர். இரட்டைப் பாதுகாப்பு என்பது அவர்தம் எண்ணம். ஆனால் நொதுமற்கம்பியின் உருகி மட்டும் எரிந்துவிட்டால் விளக்கு அணையும்; வீட்டார் மின்சாரம் இல்லையென எண்ணுவர்; உயிர்க்கம்பியோ விளக்குத்தாங்கி வரையில் உயிரோடிருக்கும். விளக்கு எரியாமை மின்சாரம் இன்மைக்குச் சான்றாகாது என்பதை இதனால் உணரலாம். ஆளியை நொதுமற்கம்பியிலே தொடுத்துவிட்ட வீடுகளிலும் இதே நிலைமைதான்.

இனி அமெரிக்கரின் அலுமினிய அனுபவத்துக்கு வருவோம். 1960களின் நடுப்பகுதியிற் செப்பின் விலை ஏறியபோது அங்கு வீட்டுச் சுற்றுக்களில் அலுமினியக் கம்பி இடப்பட்டது. 1965 தொடக்கம் 1973 வரை கட்டப்பட்ட ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகளில் அது இடம்பெற்றது. உயர் அழுத்தக் கம்பிகளில் நெடுங்காலம் பயன்பட்ட உலோகமாதலால் எவரும் ஐயுறவில்லை. ஆனால் அலுமினியம் காற்றுப்பட்டவுடன் மின்னைக் கடத்தாத ஒட்சைட்டுப் படையைப் பெறுகின்றது. சூட்டில் செப்பினும் கூடுதலாக விரிகின்றது. திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கின்றது. நாளடைவில் இணைப்புத் தளர்ந்து சூடாகிச் சுவரினுள்ளேயே கனலும். 1974இல் நியூயோர்க் மாநிலத்து ஹம்ப்ரன் பேய்ஸ் என்னுமிடத்தில் வீடொன்று எரிந்து இருவர் மாண்ட பின்னர் அந்நாட்டு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு இதனை ஆராய்ந்தது. 1972க்கு முந்திய அலுமினிய இணைப்புள்ள வீடுகளில் இணைப்புமுனை தீயபாய நிலையை அடையும் வாய்ப்பு, செப்பிணைப்புள்ள வீடுகளிலும் பார்க்க 55 மடங்கு கூடியது என அதன் சார்பிற் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. பழைமை இங்கு குற்றவாளி அன்று. அவ்வீடுகள் எரிந்தபோது பத்தாண்டும் நிரம்பாதவை.

மறைந்த கம்பியைக் கண்டுபிடித்த பின்னரும் அதன் நிறம் மயக்கத்தைத் தரும். பிரித்தானிய முறையைப் பின்பற்றிய எமது நாட்டில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற்கம்பி கறுப்பு என்பது நெடுங்காலம் நிலைத்த வழக்கம். ஜேர்மனியிலோ 1960களின் நடுப்பகுதிவரை புவித்தொடுப்புக் கம்பிக்கே சிவப்பு வழங்கியது! ஒரு நாட்டிற் காக்கும் நிறம் மற்றொரு நாட்டிற் கொல்லும் நிறமாயிற்று. ஐரோப்பிய நாடுகள் ஒத்துச் செல்லுமுகமாக, கருவிகளின் நெகிழ்கம்பிக்குக் கபிலமும் நீலமும் 1970ஐ ஒட்டியே பிரித்தானியாவில் வந்துவிட்டன. சுவரினுள் இடும் கம்பிக்கு அம்மாற்றம் 2004இல் அனுமதிக்கப்பட்டு, 2006இல் கட்டாயமாக்கப்பட்டது. மூன்று அவத்தை இணைப்புள்ள கட்டடங்களில் இதன் விளைவு விபரீதமானது. பழைய முறையில் நீலம் ஓர் உயிர்க்கம்பி; புதிய முறையில் அதுவே நொதுமல். பழைய முறையிற் கறுப்பு நொதுமல். புதிய முறையில் அஃது உயிர்க்கம்பி. எமது பழைய வீடுகளைத் திருத்துவோர் இரு முறைகளையும் ஒரே பெட்டியினுட் காண்கின்றனர். நிறத்தை நம்பிக் கை வைப்பவர் மொழி தெரியாத ஊரில் பெயர்ப்பலகையை நம்பி நடப்பவரை ஒத்தவர். மின்சோதனைத் திருகாணியும் எப்போதும் உண்மை சொல்வதில்லை. முதலிற் கருவியை உயிருள்ளதெனத் தெரிந்த ஓரிடத்திற் சோதித்து, பின்னர் கம்பியைச் சோதித்து, மீண்டும் முதலிடத்திற் சோதித்தலே பயின்ற மின்னியலாளர் கைக்கொள்ளும் ஒழுங்காகும்.

கம்பியை மறைப்பது தவிர்க்கமுடியாததாயின், மறைவுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் பிரித்தானிய விதிகளில் நாளடைவில் உருப்பெற்றது. சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழத்திற் பதிக்கப்படும் கம்பி, வெளியே தெரியும் ஆளி அல்லது குதையிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோ கிடையாகவோ மட்டும் செல்லவேண்டும். அன்றேல் சுவர் மூலையிலிருந்தும் மேற்றளத்திலிருந்தும் 150 மில்லிமீற்றர் எல்லைக்குள் செல்லவேண்டும். இதன் நுட்பம் எளியது. கண்ணுக்குத் தெரியும் ஆளியே மறைந்திருக்கும் கம்பிக்கு அடையாளமாகின்றது. வரைபடம் தொலைந்தாலும் சுவரே வரைபடமாகின்றது. இவ்வொழுங்கு மீறப்பட்டால் நேர்வது யாதென்பதற்கு 2004ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த மரணம் சான்றாகும். வீடொன்றின் குசினிச் சுவரிலே கம்பி ஒன்று நேராகவன்றிச் சரிவாகப் பதிக்கப்பட்டிருந்தது. பாத்திரங்களுக்கான உலோகத்தட்டைப் பொருத்திய திருகாணி அதனை ஊறுபடுத்திற்று. அன்று ஒன்றும் நிகழவில்லை. பின்னொரு நாள் அத்தட்டைத் தொட்ட இளந்தாய் ஒருவர் உயிர்நீத்தார். திருகாணியை முடுக்கியவர் எவராயினும், அவ்விடத்திற் கம்பி இருக்குமென எண்ணியிருக்க முடியாது.

இத்தகைய சந்தர்ப்பத்தில் உருகியால் பயனில்லை. ஐந்து அம்பியர் உருகி எரிவதற்கு ஐந்து அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் வேண்டும். மனித உடலின் தடையை ஆயிரம், இரண்டாயிரம் ஓம் எனக் கொண்டால் 230 வோல்ற்றில் அதனூடே செல்வது அம்பியரில் பத்திலொரு பங்கும் அதற்குச் சற்று மேலுமே. இதயத்தின் ஒழுங்கைக் குலைக்க அது போதும். உருகியை எரிக்க அது போதாது. உயிர்க்கம்பியிற் சென்ற ஓட்டமும் நொதுமற்கம்பியில் மீண்ட ஓட்டமும் சமமா என இடையறாது ஒப்பிட்டு, 30 மில்லியம்பியர் அளவு வேறுபட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியே இதற்கு ஏற்றது. எம்மவர் அதனை ட்ரிப் சுவிட்ச் என்பர். மனிதன் எத்துணை ஓட்டம் வரை பற்றிய கம்பியை விடவல்லவன் என்பதை ஆராய்ந்தவரும், கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான சார்ள்ஸ் டல்சியெல் 1961இல் இத்தகைய கருவியொன்றை உருவாக்கினார். பிரித்தானிய விதிகள் 2008இல் சுவரினுள் ஆழமின்றிப் பதிக்கப்படும் வீட்டுக்கம்பிகளுக்கும் இதன் காப்பை வேண்டி நின்றன. முதல் விதிகள் வெளிவந்து 126 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பழைய கம்பிச் சுற்றுக்குப் புதிதாக ட்ரிப் சுவிட்ச் பொருத்துவோர் சிலநாளில் அதனைக் கழற்றிவிடுமாறு கூறுவதுண்டு. அடிக்கடி விழுகின்றதாம்! மழைநாளில் அது விழுமாயின் சுவரினுள் எங்கோ ஈரம் புகுந்த கம்பி ஒன்று கசிகின்றது என்பதே பொருள். செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிக்கும் அரசர் கதையை நாம் படித்திருக்கின்றோம். அது குசினிச் சுவரிலும் நடைபெறுகின்றது.

மாமாவின் வீட்டுக்கு மீள்வோம். விபத்தின் பின்னர் அழைக்கப்பட்ட மின்னியலாளர் முதியவர். வந்தவுடன் இரு வீட்டாரையும் ஒருங்கே அழைத்து, இரு மானிகளின் ஆளிகளையும் நிறுத்தச் செய்தார். அதன் பின்னரே சுவரை அணுகினார். நான்கு அடுக்குகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சாந்து பூசி மூடப்பட்டிருந்த மர உறையும் அதனுள் கறுத்து நொறுங்கிய இறப்பர்க் கம்பியும். துருப்பிடித்த இரும்புக் குழாய். சிவப்புக் கறுப்புக் கம்பிகள். இறுதியாக, குழாயேதுமின்றிச் சாந்தினுள் நேரே சரிவாகப் புதைக்கப்பட்ட கபில நீலக் கம்பி. இவற்றுள் மிகப் பழையது உயிரற்றிருந்தது. மேசனைத் தாக்கியது மிகப் புதியதாகிய நான்காவதே. அதனைப் பதித்தவர் இப்போதும் அவ்வூரில் வேலை செய்கின்றார் எனப் பின்னர் அறிந்தோம். எங்கே பதித்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

முதியவர் பழைய கம்பிகள் அனைத்தையும் முனை துண்டித்து நீக்கினார். புதிய கம்பிகளை ஆளிகளுக்கு நேர்மேலாகக் குழாயிலிட்டார். சாந்து பூசும் முன்னர் மாமாவின் மகள் அளவுகோலைச் சுவரோடு வைத்து ஒவ்வொரு சுவரையும் படம்பிடித்துக்கொண்டாள். முதியவரோ அப்பியாசக் கொப்பித் தாளொன்றிற் பென்சிலால் வீட்டின் வரைபடத்தைக் கீறி, மானிப்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். அவ்வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் குசினியின் கிழக்குச் சுவரிலிருந்து புறப்பட்டு நடுவில் நின்றுவிடுகின்றது. அது இரும்புக்குழாயிலிருந்து வந்த ஒரு கம்பி. மறுமுனை எங்கு செல்கின்றதென அவராற் கண்டுபிடிக்க இயலவில்லை. முனையைக் காவலியிட்டு மூடி, வரைபடத்திலே அவ்விடத்தில் ஒரு வினாக்குறியையும் அன்றைய திகதியையும் எழுதிவிட்டுச் சென்றார்.